வாத்தாகிப் போன கோழிகள்

“இந்தப் புள்ள செஞ்சுருமுங்களா?” என்று என் முதலாளியிடம் கேட்டார் கோழிப்பண்ணைக்காரர். நான் எதிர் நாற்காலியில்தான் இருந்தேன். என்னிடமே கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில், மாடியில் ஒரு சின்ன அலுவலகம். எனக்கு அங்கே சோதனைக் காலம். பண்ணைக்காரருக்குப் பிடித்தால்தான் வேலை நிலைக்கும் என்று முதலாளி சொல்லியிருந்தார். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். படித்துவிட்டு வேலையில்லாமல் நாமக்கல்லுக்குத் திரும்பும் முதல் ஆளாகவும் ஆக எனக்கு விருப்பமில்லை.

பண்ணையில் எடுக்கும் வீடியோக்கள் கேரள முட்டை வியாபாரிகளின் போனில் தடங்கலில்லாமல் ஓட வேண்டும். வீடியோவை அதற்கேற்ப மாற்றும் பாரத்தையெல்லாம் இணையத்திலுள்ள ஒரு கிளவுட் சேவை சுமந்துகொள்ளும். அதன் நிரல் நூலகம் வழியாக எப்படி மாற்ற வேண்டும் என்று சொல்லும் ‘பிரீசெட்’ ஒன்றை நான் உருவாக்கிக் கொடுத்தால் போதும்: அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு, படம் பொருந்தாவிட்டால் இழுத்து நிரப்பு. ‘கோழி’ என்று பெயர் வைத்தேன். போனைப் படுக்கவைத்து நானே எடுத்த ஒரு வீடியோவில் சோதித்தேன். பிரமாதமாக வந்தது.

ஆனால் கோழிக்கொட்டகையில் யாரும் போனைப் படுக்கவைத்துப் பிடிப்பதில்லை. இருபுறமும் கூண்டு, நடுவே ஓராள் நடக்கிற சந்து. கையோடு போனும் நிமிர்ந்துதான் போகும். என் அம்மா அப்படியொரு கொட்டகையில் முட்டை எடுத்துத்தான் என்னைப் படிக்கவைத்தார். இது எனக்கல்லவா முதலில் தோன்றியிருக்க வேண்டும்!

மறுநாள் காலையிலேயே அழைப்பு வந்தது.

“ஏனம்மிணி, நான் அனுப்புனது கோழி. நீ அனுப்புனது வாத்தாட்டம் இருக்குது?”

திறந்து பார்த்தேன். நிமிர்ந்த படம் பக்கவாட்டில் இழுபட்டிருந்தது. முட்டைகள் உருளைக்கிழங்காகக் கிடந்தன. பண்ணைக்காரர் கொட்டகைக் கதவுக்குள் நுழைய முடியாத அகலத்தில் சிரித்துக்கொண்டிருந்தார்.

“இப்பவே சரி பண்ணிடறனுங்க.”

“இரு, இரு. கேரளாக்காரரு முட்டை நல்லாப் பெருசுங்கறாரு. என்னைய மட்டும் கொஞ்சம் எளைக்க வெய்யி, போதும்.”

“நீங்க எளைச்சா முட்டையும் எளைச்சுருமுங்க. லோடு எறங்கறப்ப அவரு பாக்க மாட்டாருங்களா?”

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

“செரி, எல்லாத்தையும் எளைக்க வெய்யி.”

ஒருமுறை உருவாக்கிய பிரீசெட்டை அந்தச் சேவையில் திருத்த முடியாது. புதிதாகத்தான் உருவாக்க வேண்டும். உருவாக்கினேன்: இழுக்காதே, மிச்ச இடத்தைக் கருப்பாக விடு. ஓடவிட்டால் மறுபடியும் வாத்து! என் நிரல் பழைய பிரீசெட்டையே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அதை மாற்றியதும் வாத்து கோழியானது. பண்ணைக்காரர்தான் விடவில்லை.

“ரெண்டு பக்கமும் எதுக்கம்மிணி கருப்பு? ஆராச்சும் செத்துப்போய்ட்டாங்களா?”

மூன்றாவதை நிமிர்ந்த சட்டமாகவே செய்து, பழைய இரண்டையும் அழித்தேன். இந்தத் தடவை அனுப்புவதற்கு முன் முழு வீடியோவையும் பார்த்தேன். முட்டை முட்டையாக இருந்தது. மாலையில் அவர் முதலாளியை அழைத்து, தான் அளவாக இருப்பதாகச் சொன்னாராம். என் வேலை நிலைத்தது.

போன வாரம் தன் மச்சானை அழைத்துவந்தார். பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். அவரும் முதலாளியைப் பார்த்தே கேட்டார்: “வெத்தலைக்கும் இந்தப் புள்ள செஞ்சுருமுங்களா?”

“அதைய அதுகிட்டயே கேளுங்க மச்சான்” என்றார் பண்ணைக்காரர்.

பிரீசெட்டை நான் இன்னும் தொடவில்லை. கொடிக்காலுக்குள் போனை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று பார்ப்பதற்காகப் பரமத்தி வேலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருக்கிறேன்.