அருங்காட்சியகத்தில் மல்லாட்டை

விழுப்புரத்தில் பஸ் ஏறி, நின்றுகொண்டே திண்டிவனம் வந்திருக்கிறேன். ஓட்டு வீடுகள் நெருக்கியடிக்கும் பழைய பேட்டைக்கு நடுவில் நிற்கிறது, பத்திரிகைகள் கொண்டாடும் புது அருங்காட்சியகம். முழுக்கக் கான்கிரீட், கண்ணாடி. வாசலில் படி கிடையாது. நவீனமாம், நீளச் சரிவுதான். அந்தச் சரிவு முழுக்க மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காய்கிறது.

"இது என்னம்மா, களமா?" என்று கத்துகிறேன்.

காயைக் கிளறும் பெண் நிமிரவே இல்லை. "விதைக்காயிங்க. நனைஞ்சா மொளச்சிப்பூடும், அப்பால வெதைக்க ஒண்ணும் இருக்காது. ஓரமா போங்க."

"சரிவ நல்லா கட்டிருக்காங்க சார்," என்கிறார் காவலாளி. "தண்ணி நிக்காது, நாள் பூரா வெயிலு."

உள்ளே போனால் கூடம் காலி. சிலைகள் இன்னும் வரவில்லையாம். காவலாளியைத் திட்ட வாயெடுக்கிறேன், தூறல் விழுகிறது. அவர் கண்ணாடிக் கதவை விரியத் திறந்துவிட்டு ஓடுகிறார். அந்தப் பெண் காயைச் சாக்கில் வாரிக் கொடுக்க, அவர் இழுத்துவந்து கூடத்தில் கொட்டுகிறார். பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் நானும் ஒரு சாக்கை இழுக்கிறேன்.

மழை வலுப்பதற்குள் கடைசிக் காயும் உள்ளே வந்துவிடுகிறது. பளபளக்கும் தரையில் முழங்கால் உயரக் குவியல். கிட்டப் போய்ப் பார்க்கிறேன்.

"தள்ளி நின்னு பாருங்க சார்," என்கிறாள் அவள். "மிதிச்சிடப் போறீங்க."