மூன்றாவது பாத்தியில் தூவிய யூரியா

எந்த ஊரிலும் ஆறு மாதத்துக்கு மேல் நான் தங்கியதில்லை. படிப்பும் பாதியில் நின்றதுதான். அண்ணன் இறந்த பிறகு மட்டும் தெலுக் பங்லிமா காராங்கில் அண்ணி வீட்டில் ஒரு வருடம் இருந்தேன்.

அண்ணி கையுறைத் தொழிற்சாலையில் நின்றபடியே வேலை பார்த்து முழங்கால் வீங்கியவர். இனி அங்கே போகக் கூடாது என்று ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சோயா போட்டார். கிள்ளானில் சோயாப் பால் விற்கும் சீனர் ஒருவர் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

முதலில் மூன்று பாத்தி. ஒன்றில் எதுவும் போடவில்லை. இரண்டாவதில் யூரியா. மூன்றாவதில், விதையோடு பிசறும் நுண்ணுயிர்த் தூள். அது வேரில் முடிச்சுக் கட்டிக் காற்றிலிருந்தே தழைச்சத்தை இழுக்குமாம், விலையும் குறைவு.

"எதுல காசு மிஞ்சுதோ, அதையே நெலம் பூரா போட்டுருவோம் தம்பி," என்றார்.

மூன்றாவது வாரம் தூள் போட்ட பாத்தி மஞ்சளாகியது. அண்ணி தினமும் அதன் முன்னால் நின்றுவிட்டுத் திரும்புவார். எனக்குப் பொறுக்கவில்லை. அவர் கோயிலுக்குப் போன வெள்ளிக்கிழமை, அந்தப் பாத்தியில் யூரியா தூவித் தண்ணீர் விட்டேன்.

பத்து நாளில் பச்சை திரும்பியது.

"இனிமே உரக்கடைக்கு நம்ம காசு கெடையாது லா," என்று சிரித்தார். "நீ ஏன் மொகத்தத் தொங்கப் போட்டிருக்க? அது உங்க மாமனார் கடையா?"

அண்ணன் போன பின் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த போகம் நிலம் முழுக்கத் தூள் மட்டும். மறுபடியும் மஞ்சள். இந்த முறை அவர் பயப்படவில்லை. ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். வேரில் ஒரு முடிச்சுகூட இல்லை. அமிலம் மிகுந்த அந்தப் புளிப்பு மண்ணில் தூள் பிடிக்கவே இல்லை.

"கொஞ்சம் யூரியா போடலாம் அண்ணி."

"போன தடவ போட்டோமா? தானாத்தான திரும்புச்சு. பொறு."

பொறுத்தோம். காய்கள் பாதிக்கு மேல் பொக்காகவே நின்றன. குத்தகையை விட்டுவிட்டு அண்ணி தொழிற்சாலை வேனில் ஏறினார். அதே வாரம் நானும் கிளம்பினேன்.

இப்போது பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவுகிறேன். போன வாரமும் அண்ணி போன் செய்தார். முழங்காலைப் பற்றிச் சொல்லிவிட்டு மறுபடி அந்தச் சோயாப் பேச்சுக்கே வந்தார்.

"மொதத் தடவ நல்லாத்தான வந்துச்சு. நான் எங்க தப்பு பண்ணேன்னுதான் தெரியல தம்பி."

கடையில் ஆள் கூப்பிடுகிறார் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். யாரும் கூப்பிடவில்லை.