தரையில் வைக்கக் கூடாத மரம்

இந்த வீட்டில் தண்ணீர் ஒரே ஒரு வேலையைச் செய்துவிட்டு ஓய்ந்துவிட முடியாது. அரிசி களைந்த தண்ணீர் மாட்டுக்கு. காய் கழுவியது முருங்கைக்கு. குளித்த தண்ணீர் சின்ன வாய்க்கால் பிடித்துத் தென்னைக்கு. துணி அலசியதில் வாசல் கழுவ வேண்டும். எது எங்கே போக வேண்டும் என்பதை என் மாமியார் தீர்மானிப்பார். கல்யாணமாகி வந்த புதிதில் பாத்திரம் கழுவிய தண்ணீரை நான் சாக்கடையில் கவிழ்த்தேன். அத்தை திட்டவில்லை. சாக்கடை வரை நடந்து போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். அதற்கு நாலு வார்த்தை திட்டே வாங்கியிருக்கலாம் என்று தோன்றியது.

மலையில் இருந்து இதைப் படிக்கிற நம் தோட்டத்துக்காரர்களே, உங்களுக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கும். மூணாறுப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கென்று கட்டிய வரிசை வீடுகளில், லயம் என்று நாம் சொல்கிற அந்த வீடுகளில், ஓடையிலிருந்து இழுத்த ஓஸ் குழாய்க்கு மூடி ஏது? ராப்பகலாக ஊற்றிக்கொண்டே கிடக்கும். அடைத்தால்தான் குழாய் எங்காவது பிய்த்துக்கொள்ளும். அங்கே பிறந்து வளர்ந்தவள் நான். இப்போது இருப்பது வடகரப்பதி. பாலக்காட்டுக்குக் கிழக்கே, கோயம்புத்தூர் எல்லையை ஒட்டிய ஊர். மழை மேகம் எங்கள் தலைக்கு மேலே போகும், எங்களுக்கு இறங்காது. நான் கடல் தாண்டிப் போனவள் இல்லை. அதே கேரள மாநிலம், அதே ரேஷன் கார்டு, பஸ்ஸில் ஒரு பகல் பயணம். இங்கேயும் தமிழ்தான் பேசுகிறார்கள். ஆனாலும் நான் 'அங்ஙன' என்றால் இவர்களுக்குச் சிரிப்பு, இவர்கள் 'ஊட்டுக்கு வாங்க' என்றால் எனக்குச் சிரிப்பு. பாஸ்போர்ட் இல்லாமலும் ஒருத்தி ஊர் மாறிப்போக முடியும் என்பதை இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன்.

நானும் என் கணவரும் பாலக்காட்டில் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தோம். நான் நர்ஸ், அவர் மருந்துக்கடையில். நாங்களே பேசி முடித்துக்கொண்ட கல்யாணம். அத்தைக்கு அதில் சந்தோஷம் இல்லை, பகையும் இல்லை. 'வந்துட்டா, இருக்கட்டும்' என்பதுபோல ஒரு மௌனம். கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவை மலைக்குப் போனபோது, வடகரப்பதியில் வாசனையே இல்லை என்று அப்பாவிடம் சொல்லி வைத்தேன். எந்த வாசனை என்று அவர் கேட்கவில்லை. நம் லயத்தில் அடுப்பெரிப்பது யூக்காலி விறகு, குளிக்கிற வெந்நீரில் போடுவது யூக்காலி இலை. பள்ளிக்கூடத்துச் சீருடையே அந்த வாசனைதான் அடிக்கும். புறப்படுகிற அன்று அப்பா விறகுக்காட்டு ஓரத்தில் தானாக முளைத்திருந்த ஒரு கன்றைப் பெயர்த்து, வேரில் பாசி சுற்றி, பால் கவரில் வைத்துக் கையில் கொடுத்தார்.

பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைவதற்குள் அத்தை அதை அடையாளம் கண்டுகொண்டார். இலையைக் கசக்கி முகர்ந்து பார்க்கக்கூட இல்லை.

"இந்த மரத்த மட்டும் நம்ம மண்ணுல வெச்சராத அம்மிணி."

அவர் சொன்ன கதை இது. மாமனார் உயிரோடு இருந்தபோது மேட்டுக்காட்டில் யூக்காலி வைத்திருக்கிறார், இங்கே அதற்குத் தைல மரம் என்று பெயர். ஆள் வைத்துப் பார்க்க வேண்டாம், ஆடு கடிக்காது என்று யாரோ சொன்னார்கள். மரம் நெடுநெடுவென்று வளர, பக்கத்துக் கிணறு கீழே போய்விட்டது. மழை பொய்த்ததாலா, சுற்றிலும் போர்வெல் போட்டதாலா என்று கணவர் இன்றைக்கும் வாதாடுவார். அத்தைக்கு வாதமே கிடையாது. அடுத்த தோட்டத்துக் கிணற்றில் குடம் ஏந்தி நின்று, அங்கே பேச்சு வாங்கியவர் அவர். வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி முளைக்குமாம். கடைசியில் இயந்திரம் வைத்துத்தான் தோண்டி எடுத்தார்களாம். தொட்டியில் வேண்டுமானால் வைத்துக்கொள், தரையில் வேர் படக் கூடாது என்று முடித்துவிட்டார்.

ஆக, எனக்குப் போன்சாய் கலை ஆசையால் வரவில்லை. மாமியாரோடு செய்துகொண்ட சமாதானத்தால் வந்தது. யூக்காலிக்கு அடக்கம் என்பதே தெரியாது. அடுத்த கோடைக்குள் கூரையை முட்டிக்கொண்டு நின்றது. தொட்டியின் அடித்துளை வழியாக வேரை நீட்டித் தரையைத் தேட ஆரம்பித்துவிட்டது. அத்தை பார்ப்பதற்குள் நான் அதைக் கிள்ளி எறிவேன்.

அப்போதுதான் கல்பாத்தியில் ஒருவரைத் தேடிப் போனேன். ஓய்வு பெற்ற பேங்க் அதிகாரி, சர்க்கரைக்காக எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர். மொட்டை மாடி முழுக்க அகலத் தட்டுகளில் ஆலும் அரசும் புளியும் முழங்கால் உயரத்தில் வளர்த்திருந்தார். மடியில் தொட்டியை வைத்துக்கொண்டு ஆட்டோவில் போய் இறங்கிய என்னையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எந்த ஊர் என்று கேட்டார். மூணாறு என்றேன். அது சரி, சொந்த ஊர் எது என்றார். மூணாறுதான் என்றேன். அவருக்கு அது பதிலாகவே படவில்லை. தாங்கள் இங்கே வந்து எத்தனையோ தலைமுறை ஆகியும் யாராவது கேட்டால் தஞ்சாவூர்ப் பக்கம் என்றுதான் சொல்வது வழக்கம் என்றார். எனக்கு அப்படிச் சொல்ல ஒரு பெயர் இருக்கிறது. அப்பாவின் தாத்தா கிளம்பி வந்த சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம். ஆனால் சின்ன வயதில் ஒரு கோயில் கொடைக்குப் போய் வெயில் தாங்காமல் காய்ச்சலில் படுத்ததைத் தவிர அந்த ஊரோடு எனக்கு ஒரு பேச்சும் இல்லை.

"இது சொன்னா கேக்கற ஜாதி இல்லை. ஆனா வெச்சுக்கணும்னு வந்துட்டேள்" என்று ஆரம்பித்து, எனக்கு வேண்டியதையெல்லாம் சொன்னார். நுனியைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கம்பி சுற்றி வளைப்பதென்றால் கொம்பு பச்சையாக இருக்கும்போதே வளைக்க வேண்டும், முத்தினால் ஒடியும். தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்த வேண்டும். வேரை வெயில் காலத்தில்தான் வெட்ட வேண்டும், குளிரில் தொட்டால் போயிற்று.

"முக்கியமா ஒண்ணு கேட்டுக்கோங்கோ. வேரை வெட்டினா இலையில கை வெக்கப்படாது. ரெண்டையும் ஒண்ணா எடுத்தேள்னா அதுக்கு மூச்சு விட வழி கிடையாது."

அதன்படியே செய்தேன். தண்டு கட்டைவிரல் பருமன் ஆனது. மலை முகட்டில் காற்றுக்குச் சாய்ந்து நிற்கிற மரங்களை நினைத்து ஒரு பக்கமாகச் சாய்த்தேன். இலைகள் சிறுத்தன. ஒரு நாள் அடிப்பட்டை பெரிய மரத்தில் உரிவதுபோலவே சுருண்டு உரிந்தது. டூட்டி உடையோடு தரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கம்பக்கத்தில் சளி பிடித்தவர்கள் ஆவி பிடிக்க இரண்டு இலை கிள்ளிப் போக வருவார்கள். தைல மரத்தைக் கண்டாலே முகம் சுளிக்கிற ஊர்தான் இது. மூக்கடைத்தால் மட்டும் மன்னித்துவிடுவார்கள். அத்தை மரத்துக்கென்று ஒதுக்கியது கால் கழுவிய தண்ணீர்.

இந்த வருஷம் அப்பாவுக்கு ஓய்வு வந்தது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேலை முடிந்தால் லயத்து வீட்டையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். அப்பா பிறந்ததும் அம்மா இறந்ததும் அந்த வரிசையில்தான். சாவியைக் கொடுத்துவிட்டு ரசீது வாங்கிக்கொண்டதாகப் போனில் சாதாரணமாகச் சொன்னார். நான் ஒரே பிள்ளை. இங்கே வந்து இருங்கள் என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிடுவதா என்பதே அவருடைய பதில். சங்கரன்கோவில் பக்கம் அவருடைய சித்தப்பா மகன் ஒரு அறை தருகிறாராம். மழையையும் அட்டையையும் தவிர வேறெதற்கும் பழகாத மனிதர் அந்தக் கரிசல் வெயிலில் தனியாக என்ன செய்வார்? போகிற வழியில் இரண்டு நாள் தங்கிப் போவதாகச் சொல்லி, கயிறு கட்டிய டிரங்குப் பெட்டியோடு வந்து சேர்ந்தார். வரைபடத்தில் எப்படிப் பார்த்தாலும் நாங்கள் அவர் போகிற வழியில் இல்லை.

அந்த வாரம்தான் நான் மரத்தின் வேரை வெட்டித் தட்டு மாற்றியிருந்தேன். இலைகள் கொஞ்சம் தொங்கியிருந்தன, அது வழக்கம்தான். நான் டூட்டிக்குப் போயிருந்தபோது அப்பா அதைப் பார்த்திருக்கிறார். அவர் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை கவாத்து. விட்டால் வீட்டு உயரத்துக்குப் போகிற தேயிலையை இடுப்பளவில் நிறுத்தி வைப்பது கவாத்துக் கத்திதான். சில வருஷத்துக்கு ஒரு முறை செடியில் ஒரு இலை மிச்சமில்லாமல் கழித்து, கட்டையாக விட்டு, வெட்டிய கிளைகளையே மேலே போட்டு வெயில் மறைப்பார்கள். கொஞ்ச நாளில் குப்பென்று தளிர்க்கும். சிறிசாக வைத்திருக்கிற மரம், வாடியும் இருக்கிறது. அப்பாவுக்கு யோசிக்க என்ன இருக்கிறது?

நான் வந்தபோது மரம் மொட்டையாக நின்றது. வெட்டு ஒவ்வொன்றும் சரிவாக, பிசிறில்லாமல் இருந்தது. கழித்த குச்சிகள் மேலே அழகாகப் பரப்பியிருந்தன. அப்பா கைகழுவிவிட்டு வந்து, இனிமேல் எப்படி வருகிறது பார் என்பதுபோல நின்றார். என் முகம் மாறியதைப் பார்த்திருப்பார். பிறகு வேர் வெட்டிய விஷயத்தை மெதுவாகச் சொன்னேன். அப்பா தன் வெட்டுகளை ஒரு தடவை குனிந்து பார்த்தார்.

"தேயிலை மாதிரின்னு நெனைச்சிட்டேன், தாயி" என்றார்.

குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன். அழுதது மரத்துக்காக மட்டும் இல்லை. அத்தனை தண்ணீரும் வீணாகப் போவது வெளியே கேட்டிருக்கும், ஆனாலும் அத்தை கதவைத் தட்டவில்லை.

அப்பா கிளம்ப வேண்டிய காலையில் சட்டை போட்டுக்கொண்டு தொட்டி முன்னால் குந்தியிருந்தார். தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்த்தார். உள்ளே பச்சை இருந்தது, ஆனால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அத்தை ஒரு சொம்போடு வந்தார். அரிசி களைந்த தண்ணீர். மாட்டைத் தாண்டி வந்து அதை மரத்துத் தட்டில் ஊற்றினார்.

"ஏனுங்ணா, வெட்டிப் போட்டுட்டு அப்படியே பஸ் ஏறுனா எப்படீங்க? பொழைக்குதா என்னன்னு கூட இருந்து பாருங்க. துளுத்ததுக்கு அப்பறம் போலாமுங்க."

"அதுக்கு நாளாகுமே, மயினி."

"ஆகட்டுமுங்க."

மகள் வீட்டில் தங்கு என்றால் அப்பா தங்கமாட்டார். ஆனால் செய்த வேலையைப் பாதியில் விட்டுப் போகிற வழக்கம் அவருக்கு இல்லை. இதை நான் இத்தனை வருஷத்தில் யோசிக்கவில்லை, அத்தை இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டார். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார் அப்பா. மறுநாளே வேலி கட்டப் போனார். தென்னைக்குப் பாத்தி எடுத்தார். சும்மா உட்கார்ந்து சாப்பிட்டதாக யாரும், முக்கியமாக அவரே, சொல்லிவிடக் கூடாது. டிரங்குப் பெட்டியின் கயிறு மட்டும் அவிழவில்லை. சித்தப்பா மகன் போன் செய்கிறபோதெல்லாம், ஒரு வேலை நடுவில் நிற்கிறது என்பார்.

இன்று காலை வாசல் பெருக்கும்போது தொட்டிக்குப் பின்னால் விளக்குமாறு நுழையவில்லை. குனிந்து பார்த்தேன். சுவரைப் பார்த்த பக்கத்தில், தண்டின் அடியில், சிவப்பும் பச்சையுமாக ஒரு துளிர். நேற்று வந்தது இல்லை. விரல் நீளம் இருந்தது. நாலைந்து ஜோடி இலை விட்டிருந்தது. தொட்டி எப்போதும் நான் வைக்கிற வாக்கில் இல்லை, யாரோ திருப்பி வைத்திருக்கிறார்கள். ஈரத் தரையில் தட்டை நகர்த்திய தடம் தெரிந்தது.

சந்தோஷத்தில் கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் அப்பா வந்து மரத்தின் மொட்டைப் பக்கத்துக்கு நேரே குந்தினார். மேலிருந்து கீழ்வரை நன்றாகப் பார்த்தார். பின்பக்கம் மட்டும் பார்க்கவில்லை. தேயிலையில் ஊசி முனைத் தளிரை எட்ட நின்று சொல்லிவிடுகிற கண் அது.

"இன்னும் துளுக்கல, மயினி" என்றார், சமையலறைப் பக்கம் திரும்பி.

"நானும் பாத்தனுங்க. ஒண்ணையுங் காணோம்" என்றார் அத்தை உள்ளே இருந்து.

போன்சாய்த் தொட்டியைச் சில நாளுக்கு ஒரு தடவை சுற்றிவிட வேண்டும், இல்லையென்றால் வெளிச்சம் படாத பக்கம் நோஞ்சானாகிவிடும். அந்தத் துளிர் இப்போதே சுவரை விட்டு விலகி, தண்டைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வரப் பார்க்கிறது. இன்னும் கொஞ்ச நாளில் யாரும் பார்க்காமல் இருக்க முடியாது. நான் தொட்டியைத் தொடாமல், அதைச் சுற்றிப் பெருக்கிவிட்டு உள்ளே போனேன்.