ஒரு பிடி மீதி வைத்திருந்த அண்ணன்

அண்ணனின் இந்த நினைவு மலரில் எழுதும் அளவுக்கு நான் படித்தவள் இல்லை. பத்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறந்து பேசிய பழக்கமும் கிடையாது. அண்ணனைப் பற்றிச் சொல்ல அவரோடு முப்பது வருடம் வேலை பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அண்ணன் மகள், "நீங்க எழுதலன்னா அந்த ஒரு வாரத்தைப் பத்தி யாருக்கும் தெரியாமலே போயிடும் அத்தை" என்றாள். அதனால் துணிந்தேன். பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது கள்ளிக்குப்பத்தில். நைனாவுக்கு ஏரித் தண்ணீர் பாய்ந்த ஒன்றரை ஏக்கர் நிலம் இருந்தது. அண்ணன், நான், தம்பி என மூன்று பிள்ளைகள். அண்ணனுக்குப் பத்தொன்பது வயதில் நைனா தவறிவிட்டார். அண்ணன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தார். பகலெல்லாம் பட்டறை, சாயங்காலம் வயல். எனக்குக் கல்யாணம் செய்து வைத்தார். தம்பியை டிரைவிங் பழக வைத்து லாரியில் ஏற்றிவிட்டார். அதற்கப்புறம்தான் தனக்குப் பெண் பார்க்கச் சம்மதித்தார். நிலம் வீட்டு மனைகளாகப் போன பிறகும் மோட்டார் கொட்டகை இருந்த மூலையை மட்டும் அவர் விற்கவில்லை.

அவருக்குக் கோபமே வராது என்று எழுத மாட்டேன். ஸ்பேனரை எடுத்த இடத்தில் வைக்காவிட்டால் வரும். ஆனால் தன்மேல் விழுந்த பழியை அடுத்தவர்மேல் தள்ள அவருக்குத் தெரியாது. அதற்கு நானே சாட்சி.

எங்கள் வழக்கத்தில் தகப்பனுக்கு மூத்த மகனும், தாய்க்குக் கடைசி மகனும் கொள்ளி வைக்க வேண்டும். அம்மா இறந்தபோது தம்பி லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர் பக்கம் போயிருந்தான். அவனுக்குச் சொல்லிவிடு, அவன் வந்தால்தான் எடுப்பது என்று அண்ணன் என்னிடம் சொன்னார். நான் போன் செய்தேன். பின்னால் லாரி சத்தம் கேட்டது. தனியாக ஓட்டுகிறான், சொன்னால் பதறி எங்காவது மோதிவிடுவான் என்று பயந்தேன். நம் வீடுகளில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை, சீக்கிரம் வா என்றேன். அம்மா உயிரோடு இருப்பதாக நம்பிய அவன், லோடை இறக்கிவிட்டு வருவதாகச் சொன்னான். அண்ணனிடம், வந்துகொண்டிருக்கிறான் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் மதியம் வரை அண்ணன் காத்திருந்தார். தம்பியின் போன் அதற்குள் கிடைக்காமல் போயிருந்தது. அம்மாவுக்கு உடம்பெல்லாம் நீர் கோத்திருந்ததால் ஐஸ் பெட்டியிலும் தாங்கவில்லை. பெரியவர்கள் சொன்னபடி அண்ணனே கொள்ளி வைத்தார். சுடுகாட்டிலிருந்து அவர் திரும்பியதும் நான் அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

தம்பி அடுத்த நாள் காலையில் வந்தான். பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டு, "கடைசிப் புள்ள நான் உசுரோட கீறேன். இன்னா அவசரம் உனக்கு?" என்று கேட்டான். நான் பேச வாயெடுத்ததைப் பார்த்து, அண்ணன் என்னை உள்ளே போகச் சொன்னார். பிறகு என்னிடம், "நீ வாயத் தொறக்காத. தெரிஞ்சா உன்னாண்டையும் பேச மாட்டான். அம்மா ஊடுன்னு வந்து போவ அவனுக்கு ஒருத்தியாவது வேணும்" என்றார்.

தம்பி வேப்பம்பட்டில் குடியேறினான். ஆறு வருடம் அண்ணனோடு பேசவில்லை. சென்னீர்குப்பத்தில் என் வீட்டுக்கு வருவான். அண்ணன் வருவது தெரிந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். நான் வாய் மூடியிருந்தேன். அண்ணன் சொன்னதற்காக மட்டும் அல்ல. எனக்குப் பயமாகவும் இருந்தது.

அண்ணன் மறைவதற்கு எட்டு மாதம் முன்பு, பள்ளி விடுமுறையில், எல்லோரும் ஒரு வாரம் ஒரே வீட்டில் இருக்க வேண்டும், அது கடலோரமாக இருக்க வேண்டும் என்று மகளிடம் கேட்டார். தனக்கென்று எதுவும் கேட்காதவர் கேட்டதால், அவள் கோவளம் தாண்டி ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தாள். பிள்ளைகளுக்காக என்று சொல்லித் தம்பி மனைவி அவனை வேனில் ஏற்றிவிட்டாள். மொத்தம் பதினான்கு பேர். வழி முழுக்க அண்ணன் ஒரு மஞ்சள் துணிப்பையை மடியிலேயே வைத்திருந்தார்.

நாங்கள் இறக்கிய அரிசி மூட்டை, கிரைண்டர், தண்ணீர் கேன்கள் எல்லாவற்றையும் பார்த்த காவல்காரர், "ஒரு வாரம்னு சொன்னாங்களே, குடியே வந்துட்டீங்களா?" என்று கேட்டார். அங்கே பெரிய சாப்பாட்டு மேசை இருந்தது. அதன்மேல் துணிகளை மடித்து வைத்துவிட்டுத் தரையில் பாய் விரித்துச் சாப்பிட்டோம். அண்ணன் கை கழுவிய பிறகுதான் தம்பி மாடியிலிருந்து இறங்கி வருவான். அவனுக்குப் பசிக்குமே என்று அண்ணன் அவசரமாகச் சாப்பிட்டு எழுந்துவிடுவார். மோர் வேண்டாம் என்பார். மோர் இல்லாமல் அவர் சாப்பாட்டை முடித்து நான் பார்த்ததே இல்லை.

மற்ற நேரத்தில் டூல்ஸ் பெட்டியைத் திறந்துகொண்டு அந்த வீட்டைப் பழுது பார்த்தார். உப்புக் காற்றில் துருப்பிடித்த கேட், ஒழுகும் குழாய், முனகும் மோட்டார், எதையும் விடவில்லை. மூன்றாம் நாள் அவர் கேட்டுக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தபோது மாடியிலிருந்து தம்பியின் குரல் கேட்டது. "வாடகையும் குடுத்துட்டு வேலையும் செஞ்சினுகிறாரு பாரு." மனைவியிடம் சொல்வதுபோலத்தான் சொன்னான். அண்ணன் நிமிரவில்லை. ஆனால் சிரித்தார். அன்று முழுக்க முகம் அப்படியே இருந்தது.

அந்த மஞ்சள் பையை அவர் வீட்டுக்குள் கொண்டுவரவில்லை. காம்பவுண்டுக்கு வெளியே ஒரு சவுக்கு மரத்தில் கட்டியிருந்தார். நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு அவரே சொன்னார். தம்பி கோபத்தில் வர மறுத்த அன்று, அம்மாவின் சாம்பலைக் கடலில் கரைத்தபோது ஒரு பிடியை மட்டும் கலயத்தில் மீதி வைத்தாராம். ஆறு வருடமாக அது மோட்டார் கொட்டகையின் உத்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்ததாம். கடைசி மகன் கையால் கரைய வேண்டியது அது என்றார்.

ஆறாம் நாள் காலை, சூரியன் கிளம்பும் நேரத்தில், தம்பியைக் கரைக்கு அழைத்து வரச் சொன்னார். கடல் பார்க்கலாம் வா என்று நான் கூட்டிப் போனேன். அங்கே அண்ணனும் அண்ணியும் நின்றிருந்தார்கள். அண்ணன் பையை நீட்டினார்.

"அம்மா. ஒரு பிடி. உனக்குன்னு வெச்சினுகிறேன்."

தம்பி பையைப் பார்த்தான். தொடவில்லை. "ஆறு வருசம் வெச்சிருக்க முடிஞ்சுது. அன்னிக்கு ஒரு நாள் வெச்சிருக்க முடியல இல்ல?" என்று சொல்லித் திரும்பி நடந்தான். அண்ணன் நீட்டிய கையை மடக்கவில்லை. நான் நின்ற இடத்திலிருந்தே சொன்னேன்.

"டேய், நான் போன் போடும்போதே அம்மா போயிடுச்சுடா. அண்ணன் சொல்லத்தான் சொல்லுச்சு. நான்தான் மறைச்சேன்."

தம்பி நின்றான். என்னைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்து, "உனக்குத் தெரியுமா?" என்றான். அண்ணன் தலையசைத்தார்.

"ஏண்ணா சொல்லல?"

அவன் 'அண்ணா' என்று கூப்பிட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது.

"பையப் புடிடா. கை வலிக்குது" என்றார் அண்ணன்.

தம்பி வாங்கிக்கொண்டான். சட்டையைக் கழற்றி அண்ணனிடம் கொடுத்துவிட்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கலயத்தைக் கவிழ்த்தான். மூன்று முறை முங்கினான். எழுந்து வரும்வரை அண்ணன் அந்தச் சட்டையை மார்போடு பிடித்தபடி நின்றார். அன்று மதியம் இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்தார்கள். அண்ணன் இரண்டு முறை மோர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

தம்பி என்னோடு நாலு மாதம் பேசவில்லை. அது நியாயம்தான். ஆயுத பூஜை அன்று பொரிப் பொட்டலத்தோடு வாசலில் வந்து நின்று, "இன்னாக்கா, டீ போடுவியா மாட்டியா?" என்றான். அண்ணன் வீட்டுக்கு மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தவறாமல் போனான். கடைசிக் காலத்தில் அண்ணனுக்கு இருதயம் பலவீனமாகிவிட்டபோது, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனதும் குளிப்பாட்டியதும் அவனே.

அண்ணன் கண் மூடிய காலையில் தம்பி ஒரு கம்பெனி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். இந்த முறையும் போன் செய்தது நான்தான். பஸ்ஸை ஓரம் கட்டச் சொன்னேன். கட்டிவிட்டேன் என்றான். "அண்ணன் போயிட்டாருடா" என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. இரண்டு மணி நேரத்தில் வந்து சேர்ந்தான். அண்ணனுக்கு மகன் இல்லாததால் தம்பியே கொள்ளி வைத்தான்.

அன்று வாசலில் பந்தல் போட்ட தெருக்காரர்களுக்கும், வேலையை நிறுத்திவிட்டு வந்த பட்டறை நண்பர்களுக்கும், மூன்று நாளும் சமைத்து அனுப்பிய பக்கத்து வீட்டு பாய் குடும்பத்துக்கும், அண்ணி கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த உறவுப் பெண்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. யார் பெயரையாவது சொல்ல விட்டிருந்தால் அது என் மறதி.

மறுநாள் காலை பால் தெளித்துச் சாம்பலை எடுத்தோம். தம்பி வேனில் கலயத்தை மடியில் வைத்துக்கொண்டான். அதே கரைக்குப் போய்ப் பதினொரு மணிக்குள் கரைத்துவிட்டோம். மீதி எதுவும் வைக்கவில்லை.