டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த பை

கல் குவாரி முதலாளியின் டிரைவருக்கு 'சரிங்க' என்று பெயர் விழுந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. முதலாளி எதைச் சொன்னாலும் சரிங்க, மெக்கானிக் சொன்னாலும் சரிங்க, பின்னால் வருகிற வண்டிக்காரன் வாய்க்கு வந்தபடி திட்டினாலும் சரிங்க. பயந்த சுபாவம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒருவர் பேசுவதைக் கேட்கும்போது அது அவருக்கு நிஜமாகவே சரியென்று படும். அதற்கு நேர் எதிராகப் பேசுகிறவர் வந்தால் அதுவும் சரியென்று படும். அப்படிப்பட்ட மனிதரைக் கொண்டுபோய்த்தான் நாட்டு விவகாரம் பேசும் கூட்டத்தில் உட்கார வைத்தார்கள். வேறு ஆளா கிடைக்கவில்லை?

விஷயம் இதுதான். அரசியல் கட்சிகளின் செலவுக்கு மக்களின் வரிப்பணத்திலிருந்தே கொடுத்துவிடலாமா என்று மேலே ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. சட்டம் போடும் முன், ஒவ்வொரு ஊரிலும் சாதாரண ஜனங்கள் சிலரைக் குலுக்கலில் எடுத்து, வாரம் ஒரு மாலை உட்கார வைத்து, இரண்டு பக்க நியாயத்தையும் கேட்கச் சொல்லி, கடைசியில் கை தூக்கச் சொல்வதாக ஏற்பாடு. குலுக்கலில் டிரைவரின் பெயர் விழுந்தது. வீடு தேடி வந்து சொன்ன ஆளிடமும் அவர் "சரிங்க" என்றுதான் சொன்னார்.

கூட்டம் நூலக மாடியில். நடத்தியவர் ஓய்வுபெற்ற பெண் நீதிபதி. முதல் நாள் ஒரு பேராசிரியர் வந்து, நாம் கொடுக்காவிட்டால் பணக்காரன் கொடுப்பான், கொடுத்தவன் சொன்னதைத்தான் கட்சி கேட்கும் என்றார். டிரைவர் தலையை ஆட்டினார். அடுத்து ஒரு கடைக்காரர் எழுந்து, எனக்குப் பிடிக்காத கட்சிக்கு நான் ஏன் படியளக்க வேண்டும், அவர்கள் இங்கேயும் வாங்கிக்கொண்டு அங்கேயும் வாங்கமாட்டார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று பிடிபிடியென்று பிடித்தார். டிரைவர் அதற்கும் தலையை ஆட்டினார். பக்கத்தில் இருந்தவர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வீட்டுக்குத் திரும்பும்போது மண்டை காய்ந்துபோயிருந்தது.

முதலாளிக்கு இதில் குழப்பமே இல்லை. வண்டியில் பின் சீட்டில் சாய்ந்துகொண்டு சொன்னார். "ஏப்பா, ஜனங்க வேர்வை சிந்தி வரி கட்றாங்க. அத எடுத்து அரசியல்வாதிக்குக் குடுக்கறதா? வேண்டாம்னு கை தூக்கு." அவர் குரலில் அப்போது ஜனங்கள் மேல் அவ்வளவு அக்கறை. டிரைவருக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது.

இங்கே அந்தப் பையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை முதலாளி இரண்டு கறுப்புத் தோள்பைகளைத் தம் கையாலேயே வண்டியில் வைப்பார். ஒன்று டிரைவர் சீட்டுக்குப் பின்னால், இன்னொன்று பக்கத்து சீட்டுக்குப் பின்னால். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருப்பது கொஞ்சம் கனம். ஊரில் கட்சி என்றால் இரண்டுதான்; இரண்டு ஆபீசுக்கும் ஆளுக்கொன்று. உள்ளே என்ன என்று டிரைவர் கேட்டதில்லை, கேட்டால்தான் தெரியும் என்கிற அளவுக்கு மக்கும் இல்லை. இரண்டு ஆபீசிலும் அவருக்கு நாற்காலி உண்டு, டீ உண்டு, 'வாங்கண்ணே' உண்டு. ஒரு டிரைவருக்கு அது சின்ன விஷயமா? இரண்டு செயலாளர்களும் வரிப்பணம் வேண்டும் என்ற கட்சி. அப்புறம் யாரிடமும் கை நீட்ட வேண்டாம் பாருங்கள் என்று ஒருவர் விளக்கம் சொன்னார். சொல்லிக்கொண்டே கை நீட்டிப் பையை வாங்கிக்கொண்டார்.

வீட்டுக் கதை வேறு. குவாரி லாரிகள் அவர்கள் தெரு வழியாகத்தான் போகும். ஊரைச் சுற்றிக்கொண்டு நல்ல சாலை ஒன்று இருக்கிறது, ஆனால் தெரு வழி குறுக்கு வழி. விடிந்தால் பொழுது சாயும்வரை வரிசையாக லாரி, லாரி போனால் வெள்ளைத் தூசி. டிரைவரின் மனைவிக்கு மூச்சுத்திணறல். ஜன்னலுக்கெல்லாம் ஈரத்துணி கட்டி, வாயில் வைத்து இழுக்கும் மருந்தை இடுப்பில் செருகிக்கொண்டு நடமாடுவார். ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடிக்க முடியாமல் பாதியில் நிற்பார். லாரிகளைச் சுற்றுச் சாலைக்குத் திருப்பிவிடுங்கள் என்று மனு எழுதியது அந்த அம்மாள்தான். கொண்டுபோய்க் கொடுத்தது டிரைவர். எப்படியும் போகிற இடம்தானே என்று பை கொடுக்கிற நாளிலேயே கொடுத்தார். மனுவை மேஜைக்கு மேலே வைப்பார், பையை மேஜைக்குக் கீழே வைப்பார். இரண்டையும் அவர் ஒரு நாளும் சேர்த்து யோசித்ததில்லை. இரண்டு ஆபீசிலும் கண்டிப்பாகக் கவனிக்கிறோம் என்றார்கள். மனு கிணற்றில் போட்ட கல்தான்.

இதற்கிடையில் தேர்தல் நடந்து ஆட்சி மாறியது. ஆண்டுகொண்டிருந்தவர்கள் இறங்கி, எதிரே இருந்தவர்கள் ஏறினார்கள். அந்த மாதம் முதலாளி வழக்கம்போலப் பைகளை வைத்தார். டிரைவர் வழக்கம்போல எடுத்துப் போனார். முதலாளியின் வழக்கம், தம் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஆளுங்கட்சிப் பையை வைப்பது. டிரைவரின் வழக்கம், அந்தப் பையைக் கடைத்தெரு ஆபீசுக்குக் கொண்டுபோவது. பத்து வருடமாகக் கடைத்தெரு ஆபீசுதான் ஆளுங்கட்சி. ஆட்சி மாறியதை அவருடைய கைக்கு யாரும் சொல்லவில்லை. கனத்த பை தோற்ற கட்சிக்குப் போனது. மெலிந்த பை ஜெயித்த கட்சிக்குப் போனது.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் விசித்திரம். தோற்ற கட்சி அப்போதுதான் தெருவில் லாரி மறியல் என்று சுவரெல்லாம் எழுதியிருந்தது. மறுநாளே அதைத் தேதி குறிப்பிடாமல் தள்ளிவைத்துவிட்டார்கள். ஜெயித்த கட்சியின் ஆட்கள் அதிகாரிகளோடு வந்து தெரு முனையில் கம்பம் போட்டு லாரிகளை நிறுத்தினார்கள். பொதுமக்கள் நலன் கருதி என்று ஒரு பலகையும் வைத்தார்கள். தெருவே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது.

தூசி அடங்கியது. அந்த அம்மாள் ஈரத்துணிகளை அவிழ்த்துத் துவைத்துக் காயப்போட்டார். ஒருநாள் காலை சமையலறையிலிருந்து பாட்டு கேட்டது. டிரைவர் ரேடியோ என்றுதான் நினைத்தார். எட்டிப் பார்த்தால் மனைவி பாடிக்கொண்டிருக்கிறார். மனிதர் வாசற்படியிலேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஜெயித்த கட்சியின் செயலாளர் முதலாளியிடம் மனவருத்தத்தைத் தெரிவித்தபின்தான் குட்டு உடைந்தது. முதலாளி சத்தம் போடவில்லை. தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஆட்சி மாறுனது ஊருக்கே தெரியும். என் டிரைவருக்குத் தெரியலையா? லாரியெல்லாம் அப்படியே நிக்குதுப்பா. அவங்களுக்குக் கொறஞ்சத இந்தப் பையில வெச்சிருக்கேன், இன்னிக்கே குடுத்துடு. உன் வீட்டம்மாவுக்கு ஆஸ்பத்திரி போகணும்னு சொன்னியே, வண்டியிலயே கூட்டிட்டுப் போயிட்டு வா."

டிரைவர் சரிங்க என்றார். அப்போதுதான் பையும் லாரியும் அவர் மண்டைக்குள் முதல் தடவையாகப் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. அவருக்குத் தலைகால் புரியவில்லை. நல்லது நடந்தது ஒரு தப்பால். தப்பைத் திருத்தினால் கெட்டது நடக்கும். மருத்துவச் செலவுக்கு மறுபேச்சில்லாமல் கொடுக்கிற முதலாளி நல்லவரா இல்லையா? யாரிடம் கேட்பது?

மனைவி வந்து முன் சீட்டில் இருந்த பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டார்.

"பாத்தீங்களா, நம்ம மனுவ யாரோ படிச்சிருக்காங்க. மனுஷங்க இருக்கத்தான் செய்யறாங்க. போற வழியில ஜெயிச்சவங்க ஆபீசுல ஒரு நன்றி சொல்லிட்டுப் போலாமா?"

இத்தனையும் ஒரே மூச்சில் சொன்னார். நடுவில் எங்கும் நிற்கவில்லை. டிரைவர் வண்டியை எடுத்தார். வேண்டுமென்றே இரண்டு தெரு சுற்றினார். சுற்றினாலும் ஆபீசு அங்கேயேதான் இருந்தது.

நீ உட்கார், நானே சொல்லிவிட்டு வருகிறேன் என்று மனைவியின் மடியிலிருந்து பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். வெறுங்கையோடு வந்தார்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"சரின்னாங்க."

மறுநாள் விடியும்போதே லாரிகள் வந்துவிட்டன. கம்பத்தையும் காணோம், பலகையையும் காணோம். அந்த அம்மாள் மடித்து வைத்த துணிகளை எடுத்து நனைத்தார். ஜன்னலில் கட்டும்போது கணவரைத் திரும்பிப் பார்த்து, நன்றி சொன்னது தப்பாகிவிட்டதோ, சும்மா இருந்திருக்க வேண்டுமோ என்று விட்டுவிட்டுக் கேட்டார். டிரைவர் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

அன்று மாலைதான் கடைசிக் கூட்டம், கை தூக்கும் நாள். நூலக மாடியில் தூசி வராது என்று மனைவியும் கூட வந்து, பார்வையாளர் வரிசையில், வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு உட்கார்ந்தார். கணவர் நாட்டுக்காகக் கை தூக்குவதைப் பார்க்க அவருக்கு ஆசை.

கட்சிகளுக்கு வரிப்பணம் கொடுக்கலாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார் நீதிபதி அம்மாள். டிரைவர் தூக்கினார். கூடாது என்பவர்கள் தூக்குங்கள் என்றார். டிரைவர் அதற்கும் தூக்கினார். சிலர் சிரித்தார்கள். நீதிபதி அம்மாள் சிரிக்கவில்லை.

"நீங்க ரெண்டு தடவையும் தூக்கிட்டீங்க. ஏதாவது ஒண்ணுக்குத்தான் தூக்கணும்."

டிரைவர் எழுந்து நின்றார். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"தெரியும்மா. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். நாம வரியில குடுத்துட்டோம்னா, அந்தப் பை நின்னுடுமா?"

"எந்தப் பை?"

டிரைவர் ஜன்னல் வழியாகக் கீழே தெருவில் நிற்கும் முதலாளியின் வண்டியைப் பார்த்தார். பிறகு பின்வரிசையைப் பார்த்தார். மனைவி கைக்குட்டையை வாயிலிருந்து எடுத்துவிட்டு, இவர் சொல்லப்போவதைக் கேட்க முன்னால் சாய்ந்திருந்தார். சரிங்க என்று சொல்லி உட்கார்ந்துவிடலாம். நாக்கு நுனிவரைக்கும் அது வந்தது.

"நேத்து நான் ஆபீசுல குடுத்த பைம்மா," என்றார் அவர், நீதிபதியிடம் அல்ல, பின்வரிசையைப் பார்த்து. "உன் மடியில வெச்சிருந்தியே, அது."