புகைபோக்கி விழுந்த கார்டு

படப்பிடிப்புக் குழுவில் அவளைச் செக்சம் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கேமராவில் பதிந்ததை மெமரி கார்டிலிருந்து இரண்டு டிஸ்க்குகளுக்கு நகலெடுத்து, ஒரு சொட்டும் சிந்தாமல் வந்திருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. கணினி ஒவ்வொரு கோப்பையும் முழுக்கப் படித்து ஒரு நீளமான எண்ணைச் சொல்லும்; அதுதான் செக்சம். கார்டின் எண்ணும் நகலின் எண்ணும் ஒன்றாக இருந்தால் காட்சி பத்திரம். அப்புறம்தான் கார்டை அழிக்க விடுவாள்.

வீட்டிலும் இதே குணம். கதவைப் பூட்டிவிட்டேன் என்று கணவர் சொன்னாலும் போய் இழுத்துப் பார்ப்பாள்.

"என்னைக் கட்டிக்கறதுக்கு முன்னாடியும் இப்படித்தான் இழுத்துப் பாத்தியா?"

"ரெண்டு வாட்டி."

அன்று காலை பழைய ஆலையின் புகைபோக்கியை வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஒரே கேமரா, ஒரே டேக். இன்னொரு புகைபோக்கிக்கு எங்கே போவது?

சாமான் வேனுக்குள் மடிக்கணினியோடு உட்கார்ந்தாள். கார்டு செருகிய கேபிள் ஆடியது. நகல் நத்தையாக ஊர்ந்தது. முதல் டிஸ்க்குக்கு மட்டும் கார்டிலிருந்து எடுத்தாள். நேரமாகிறதே என்று இரண்டாவதை முதல் டிஸ்க்கிலிருந்தே எடுத்துவிட்டாள். இரண்டின் எண்ணும் அச்சு அசலாக ஒன்று. கேமராமேன் ஜன்னலில் தலையை நீட்டி, "மதியத்துக்கு அந்தக் கார்டுதான்க்கா வேணும்" என்றான். கொடுத்துவிட்டாள்.

டிஸ்க்குகளைப் பெட்டியில் வைத்து மூடும்போதுதான் உறைத்தது. நகலை நகலோடு ஒப்பிட்டிருக்கிறாள். முதல் நகல் கெட்டிருந்தால் இரண்டாவதும் அப்படியே கெட்டு, எண் மட்டும் அழகாக ஒத்துப்போகும். கார்டின் எண்ணை அவள் கேட்கவே இல்லை.

செருப்பை மாட்டாமல் ஓடினாள். அவன் சாப்பாட்டு வரிசையில் நின்றிருந்தான்.

"தம்பி, அழிச்சிட்டியா?"

"இல்லக்கா. பசி உயிர் போகுது, சாப்பிட்டுட்டு..."

"நீ நல்லா இருப்ப. அதக் குடு."

"சரியா இருக்குன்னு நீங்கதானே குடுத்தீங்க?"

"குடுத்தவளுக்குப் புத்தி இல்ல. குடுப்பா!"

கேபிளை மாற்றிக் கார்டையே படிக்கவைத்தாள். எண் வேறு. மறுபடி கார்டிலிருந்தே இரண்டு டிஸ்க்குக்கும் தனித்தனியாக நகலெடுத்தாள். தட்டோடு வந்து நின்றவனை எண்களைச் சத்தமாக வாசிக்கச் சொன்னாள். மென்றுகொண்டே வாசித்தான். மூன்றும் ஒன்று. திரையில் புகைபோக்கி இடுப்பொடிந்து சாவகாசமாகச் சாய்ந்தது.

டைரக்டர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, இவ்வளவு நேரம்?"

"சரியாப் பாக்காம கார்டைக் குடுத்துட்டேன் சார். நகல் கெட்டிருந்துச்சு. இப்ப எல்லாம் சரி."

அவர் முகம் வெளுத்தது. "கார்டு எப்படித் தப்பிச்சுது?"

"இவன் பசி காப்பாத்திச்சு சார்."

டைரக்டர் கேமராமேனின் தட்டைப் பார்த்தார். பிறகு வெளியே திரும்பிக் கத்தினார்:

"யாருப்பா அங்க? இவனுக்கு இன்னும் கொஞ்சம் போடுங்க!"