எமில்டாவின் நேர்ச்சையை நடந்தவன்

எமில்டா வாயைத் திறந்தால் திரேஸ்புரம் கடற்கரையில் காக்கா கூட அடுத்த வள்ளத்துக்குப் பறந்துவிடும். மீன் வாங்கி விற்கிற தொழிலில் தொண்டை இல்லாதவளுக்குச் சோறு இல்லை. அவளுக்குக் கடவுள் இரண்டு ஆளுக்கான தொண்டையைக் கொடுத்திருந்தார். காலையில் அது சாளைக்கும் ஊளிக்கும் விலை பேசும். சாயங்காலம் அன்பியக் கூட்டத்தில் செபமாலையைத் தொடங்கிவைக்கும். தெருக்காரர்கள் வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபிக்கிற கூட்டம் அது. அங்கே எமில்டா சொன்னால் சொன்னதுதான்.

அப்பேர்ப்பட்டவள் வாயடைத்துப் போனது, போன மாநகராட்சித் தேர்தல் சமயத்தில்.

அந்தக் கதைக்கு முன்கதை ஒன்று உண்டு. சில வருஷங்களுக்கு முன்னால் அவள் புருஷன் மனுவேலின் வள்ளம் கடலில் காணாமல் போயிற்று. என்ஜின் நின்று, காற்று இழுத்த பக்கமெல்லாம் போய்க்கொண்டிருந்திருக்கிறது. கரையில் எமில்டா, அறுபது கிலோமீட்டர் தெற்கே திருச்சிலுவைக் கோயில் இருக்கிற மணப்பாட்டுத் திசையைப் பார்த்துக் கையேந்தினாள். "குருசுக் கோயில் ஆண்டவரே, அவர உசுரோட கொண்டுவந்து சேத்திரும். இந்த வருஷத் திருநாளுக்கே செருப்பில்லாம நடந்து வாரேன். வழி முழுக்க செபமாலை சொல்லிக்கிட்டே வாரேன்."

ஆண்டவர் தன் பங்கைச் செய்தார். சங்கு குளிக்கப் போனவர்கள் வள்ளத்தைக் கண்டு கட்டி இழுத்து வந்தார்கள். மனுவேல் உப்புத்தண்ணீரில் வெந்த உடம்போடு ஆஸ்பத்திரியில் படுத்தார். இனி எமில்டா தன் பங்கைச் செய்ய வேண்டும். அந்த நேரம் பார்த்து மீன் இறக்கும் தளத்தில் ஐஸ் தண்ணீரில் வழுக்கி விழுந்தாள். காலில் மாவுக்கட்டு. கெட்ட காலம் வந்தால் ஒட்டகத்தில் ஏறி உட்கார்ந்தாலும் நாய் கடிக்கும் என்பார்களே, அதுதான். மகன் ஜெனிஸ் அப்போதே கப்பல் வேலைக்குப் போயிருந்தான். திருநாளோ நெருங்கிவிட்டது.

கட்டிலில் கிடந்து அழுதவளைப் பார்க்க வந்தான் ஜெஸ்டின். வள்ளத்து என்ஜின்களைப் பழுது பார்க்கிற பக்கத்துத் தெருப் பையன். "அழாதீங்கக்கா. நான் நடந்துட்டு வாரேன்" என்றான். எமில்டா தன் செபமாலையைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள். திருநாளுக்கு நடக்கிற கூட்டத்தோடு அவன் போய் நடந்துவிட்டு வந்தான். நேர்ச்சை தீர்ந்தது. ஒவ்வொரு வருஷமும் திருநாளுக்கு அவள் குருசுக்கு நன்றி சொன்னாள், மனம் நிறையச் சொன்னாள்.

இந்த ஜெஸ்டின்தான் தேர்தலில் சுயேச்சையாக நின்றான். எதிரே ரோச். ஏற்கெனவே கவுன்சிலராக இருந்தவர். சப்பரம் தூக்க முதலில் தோள் கொடுப்பவர். எங்கள் பக்கத்தில் ஓட்டுக் கேட்கக் கிளம்புகிறவர்கள் குகை மாதிரி கட்டிய மாதா கெபியில் மெழுகுதிரி ஏற்றிவிட்டுத்தான் தெருவில் கால் வைப்பார்கள். ரோச் ஏற்றினார். ஜெஸ்டின் கெபியைத் தாண்டி நேரே முதல் வீட்டுக்குப் போனான். ஏன் என்று கேட்டவர்களிடம், "எனக்குச் சாமி நம்பிக்கை இல்ல. ஓட்டுக்காக ஏத்துனா அது உங்கள ஏமாத்துறது" என்று சொல்லிவிட்டான்.

தெருவே கொதித்தது. யாருக்கும் இது முன்னால் தெரியாது. தெரியாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை நேரத்தில் ஆம்பிளைகள் பாதிப்பேர் கோயிலுக்கு வெளியே மரத்தடியில்தான் நிற்பார்கள். நின்றாலே பூசை கண்ட கணக்கு. ஜெஸ்டினும் வாராவாரம் அங்கேதான் நின்றான். கூட்டாளிகளோடு பேச வந்தவனை எல்லாரும் பூசைக்கு வந்தவன் என்று எழுதிக்கொண்டார்கள்.

எமில்டாவுக்கு வேறு கவலை. நம்பிக்கை இல்லாதவன் நடந்த நேர்ச்சை செல்லுமா? செல்லாவிட்டால், இத்தனை வருஷமும் ஆண்டவரிடம் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காமல் அல்லவா இருந்திருக்கிறாள்! மனுவேல் இன்னமும் கடலுக்குப் போகிறார். ஜெனிஸ் எந்தக் கடலில் இருக்கிறானோ. பங்குச் சாமியாரிடம் கேட்கலாம் என்றால், தேர்தல் முடிகிறவரை வேட்பாளர் பேச்சை என்னிடம் எடுக்காதீர்கள் என்று அவர் பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார். நேரே ஜெஸ்டின் பட்டறைக்குப் போனாள்.

"ஏலே, ஒனக்குச் சாமி நம்பிக்கை இல்லையாமே?"

"இல்லக்கா."

"எனக்காவ நடந்தியே, அப்பம்?"

"அப்பவும் இல்லக்கா."

"அத ஏம்ல அன்னைக்கே சொல்லல?"

"நீங்க மாவுக்கட்டோட அழுதுக்கிட்டு கெடந்தீங்க. அந்த நேரத்துல என் நம்பிக்கையப் பத்தி ஒரு பிரசங்கமா வைக்க?"

"செபமாலையாவது சொன்னியா?"

"வழி முழுக்கச் சொன்னேன். சாமிக்கின்னு சொல்லலக்கா. சொல்லுதேன்னு உங்ககிட்ட ஒத்துக்கிட்டேன், அதுக்காவச் சொன்னேன்."

"இப்பம் என் நேர்ச்சை செல்லுமா, செல்லாதா?"

ஜெஸ்டின் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். "அது எனக்குத் தெரியாதுக்கா. உங்க மனசு சங்கடப்பட்டா என்னைய மன்னிச்சிருங்க."

திட்டித் தீர்க்க வந்தவள் ஒன்றும் பேசாமல் திரும்பினாள். அதைப் பார்த்த பட்டறைக்காரர்கள்தான் பயந்துபோனார்கள்.

அந்த வார அன்பியக் கூட்டம் விஜிலா வீட்டில். விஜிலா ரோச்சுக்காக வீடுவீடாக ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவள். செபமாலை முடிந்து காப்பி வருவதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள். "சாமிய நம்பாதவன நாம எப்படி நம்ப? எமில்டாக்கா, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

எல்லாரும் எமில்டாவைப் பார்த்தார்கள். அவள் விஜிலாவைப் பார்த்தாள். "ஏளா, அன்னைக்கு மணப்பாட்டுக்கு நீயும் அந்தக் கூட்டத்தோட நடந்தேல்லா. அவன் எப்படி நடந்தான்?"

விஜிலாவின் கையில் செபமாலை இன்னும் இருந்தது. அதை வைத்துக்கொண்டு பொய் சொல்லுகிற பெண்பிள்ளை எங்கள் கரையில் இல்லை.

"ஆறுமுகநேரி தாண்டுறதுக்குள்ள ரோடு கொதிக்குக்கா. செருப்பில்லாம வாரேன்னு நேர்ந்துக்கிட்டவங்க நாங்க கொஞ்சப் பேரு உண்டு. தாங்க முடியல. ஆண்டவரு மன்னிப்பாருன்னு செருப்ப எடுத்துப் போட்டுட்டோம். நானும்தான் போட்டேன். அவன்கிட்டயும் போடுலேன்னேன். 'அக்கா செருப்பில்லாமன்னுல்லா சொல்லியிருக்காங்க'ன்னுட்டான். காயல்பட்டினத்துல ஒரு மரைக்காயர் வீட்டுல காலுல தண்ணி ஊத்திவிட்டாங்க. பொறவும் அப்படியேதான் நடந்தான். காலு பாளம் பாளமா வெடிச்சிட்டு."

எமில்டாவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அவன் திரும்பி வந்த அன்று நொண்டினான். நடந்தால் நொண்டத்தானே செய்வான் என்று அவள் ஒரு வார்த்தை கூடக் கேட்கவில்லை.

"நமக்குத் தப்பு பண்ணா மன்னிக்க ஆளு உண்டு" என்றாள் மெதுவாக. "அந்தத் தைரியத்துல நீ செருப்பப் போட்ட. ரோச் அண்ணாச்சி மீன் எறக்குற எடத்துல பொம்பளைகளுக்குக் கக்கூஸ் கட்டித் தாரேன்னு இதே மாதா கெபியில சத்தியம் பண்ணினாரு. கட்டல. பெருசா ஒரு மெழுகுதிரி ஏத்தி மன்னிப்புக் கேட்டுக்கிட்டாரு. நாம இன்னும் அடக்கிக்கிட்டு நிக்கோம். மன்னிக்க மேல ஆளே இல்லன்னு நினைக்கவன், ஏமாத்துனா கேக்கதுக்கும் ஆளில்லன்னு நினைக்கவன், ஒரு அடி குறைக்காம நடந்திருக்கான். எனக்கு இது போதும்ளா."

சந்தனச்செல்வி என்கிற பக்கத்து வீட்டுக்காரிக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அப்பம் அவன் உள்ளுக்குள்ள நம்புதான்போல! அப்படியே சொல்லி ஓட்டுக் கேப்போம்."

"சும்மா கெட. அவன் நம்பல. ஓட்டுக்காவ அவனே சொல்லாத பொய்ய நாம ஏன் சொல்ல?"

அப்புறம் அந்தத் தொண்டை பழையபடி திறந்துகொண்டது. மீன் விலையோடு ஜெஸ்டின் நடந்த கதையையும் அவள் கூவினாள். நம்பாதவன் என்பதையும் விடாமல் சேர்த்தே கூவினாள். ரோச் கெட்டவரில்லை, அவருக்கும் நல்ல ஓட்டு விழுந்தது. ஆனாலும் ஜெஸ்டின் ஜெயித்தான்.

ஜெயித்தவனை மாலையும் வேட்டுமாகக் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். ஜெயித்தவர்கள் முதலில் அங்கேதான் போவது வழக்கம். படிக்கட்டு வந்ததும் ஜெஸ்டின் நின்றுவிட்டான். பின்னால் வந்தவர்கள் முதுகைத் தள்ளினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வேட்டுச் சத்தம் ஓய்ந்தது.

எமில்டா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். செருப்பைக் கழற்றினாள். குனிந்து எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"நீ இங்கனயே நில்லுலே. எனக்காவ நீ நடந்தேல்லா, ஒனக்காவ நான் ஏறிட்டு வாரேன்."

உள்ளே போய் முழங்கால் போட்டாள். மனுவேலைக் கொண்டுவந்து சேர்த்ததற்கு வழக்கம்போல நன்றி சொன்னாள். நடக்க அந்தப் பையனை அனுப்பிவைத்ததற்கு அன்றுதான் முதல்முதலாக நன்றி சொன்னாள். நேர்ச்சை செல்லுமா என்று கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

வெளியே வந்தபோது கழுத்தில் மாலையும் கையில் செருப்புமாக ஜெஸ்டின் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தான். எமில்டா அவனுடைய கால்களைப் பார்த்தாள்.

"ரொம்ப நன்றிப்பா" என்றாள். "இத்தன வருஷமா ஒனக்குச் சொல்லவே இல்ல."

அவன் செருப்பை நீட்டினான். அவள் வாங்கி மாட்டிக்கொண்டாள்.

"சரி, நாளைக்கே அந்தக் கக்கூஸ் வேலையப் பாரு, கவுன்சிலரே."